மரத்தின் விலையும் வருடங்களின் விலையும்

எத்தீம்களின் பொருளுக்குப் பொறுப்பாளராக இருப்பவர்கள் அதனை முடக்கி வைக்காமல் வியாபாரத்தில் ஈடுபடுத்த வேண்டும், இல்லாவிடில் ஜகாத்தே அதைக் கரைத்துவிடும் என்ற கருத்தில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தமது முவத்தாவில் பதிவு செய்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த அறிவுரையின் அருமை புலப்படும். ஓர் இலட்சம் ரூபாயைப் பெட்டியில் பூட்டி வைத்து ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜகாத் கொடுத்து வந்தால், 10 ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய 77,600 ரூபாயும், 20 ஆண்டுகள் கழித்து 60,300 ரூபாயும்தான் எஞ்சியிருக்கும். சிறுவர்களின் பொருளிலும் ஜகாத் கடமை என்பது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. ஹனபீ மத்ஹபில் சிறுவரின் ரொக்கத்துக்கு ஜகாத் இல்லை. ஆனால் விலைவாசி மத்ஹப் பார்த்து ஏறுவதில்லையாதலால், ஹனபீ வீட்டுப் பெட்டியிலுள்ள பணமும் கரையத்தான் செய்கிறது.

தம்பி மவுத்தாகி, அவருடைய பிள்ளைகளின் பணத்துக்குப் பொறுப்பாக நிற்கும் ஒரு மனிதரை எண்ணிப் பார்ப்போம். பாங்கியில் போட்டால் வட்டி வரும், அது ஹராம். நிலம் வாங்கத் தொகை போதாது. கடை வைத்து நடத்த அவருக்கு நேரமில்லை. நகையாக வாங்கிப் பூட்டினால் பணம் பத்திரமாக இருக்கும். ஆனால் நகை எதையும் ஈனுவதில்லை. கம்பெனிப் பங்கு வாங்குங்கள் என்று யாரோ சொல்கிறார்கள். உடனே அவர் ஆலிமிடம் சென்று, "ஹஜ்ரத், ஷேர் வாங்குவது கூடுமா?" என்று கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். ஹலாலான தொழில் செய்யும் கம்பெனியின் சாதாரணப் பங்கு என்பது அக்கம்பெனியின் சொத்தில் ஒரு பாகம்; அதன் இலாப நஷ்டத்தில் ஒரு கூட்டு. அந்த அளவில் அது அடிப்படையில் கூடும் என்பதே இக்கால ஆலிம்கள் பெரும்பாலோரின் முடிவு. 1992ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமியும் அவ்வாறே தீர்மானித்தது.

ஆனால் இதையடுத்து இன்னொரு கேள்வி உண்டு. என்ன விலைக்கு வாங்கலாம்? இதனை மார்க்கத்தைச் சேர்ந்த கேள்வியாக நம்மில் பலர் கருதுவதில்லை. அது தரகர் பாடு என்று விட்டு விடுகிறோம். எத்தீமின் பொருளை மிக அழகிய முறையிலன்றி நெருங்கலாகாது என்று திருமறை அன்ஆம் அத்தியாயத்தில் எச்சரித்திருக்க, 60 ரூபாய் பெறுமானமுள்ளதை 150 ரூபாய் கொடுத்து அப்பிள்ளைகள் பெயரில் வாங்கி வைப்பதை அழகிய முறை என்று எப்படிச் சொல்வது? பொருள் ஹலாலாக இருந்துவிட்டால் விலையும் தானாகவே நியாயமாகிவிடும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. எனவே பங்குக்கு எப்படி விலை மதிக்கிறார்கள் என்பதைச் சற்றே பார்ப்பது நமக்கு வீண் வேலையாகாது.

மேல்நாட்டார் வகுத்த முறைகளுள் மிக எளியது ஒன்று உண்டு. 1938இல் ஜான் பர் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் எழுதிய நூலில், ஒரு பங்கின் மதிப்பு அது இனி வருங்காலமெல்லாம் தரப்போகும் டிவிடெண்டுகளின் இன்றைய மதிப்பே என்று வாதித்தார். 1956இல் மைரன் கார்டன், எலி ஷாபிரோ என்னும் இருவரும் எழுதிய கட்டுரையாலும், 1962இல் கார்டன் வெளியிட்ட நூலாலும் அக்கருத்து ஒரு சின்னஞ்சிறு சூத்திரமாகப் பரவியது. அடுத்த ஆண்டு வரக்கூடிய டிவிடெண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர் தமக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்ளும் வருமான வீதத்திலிருந்து, டிவிடெண்ட் ஆண்டுதோறும் வளரும் வீதத்தைக் கழிக்க வேண்டும். கழித்து வந்த வீதத்தால் டிவிடெண்டை வகுத்தால் விலை வந்துவிடும். அவ்வளவுதான்.

ஒரு பங்கு அடுத்த ஆண்டு 6 ரூபாய் டிவிடெண்ட் தரும் என்று வைத்துக்கொள்வோம். அது ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் வளரும். நமக்கு நூற்றுக்கு 14 வேண்டும். 14இல் 6 போக 8. நூற்றுக்கு 8 வீதத்தில் 6 ரூபாய் கிடைக்க வேண்டுமானால் 75 ரூபாய் முதல் வேண்டும். ஆக விலை 75 ரூபாய். இதைச் சரிபார்ப்பதும் எளிது. 75 ரூபாய் போட்டவருக்கு முதலாண்டில் 6 ரூபாய் கையில் வருகிறது. அது நூற்றுக்கு 8. டிவிடெண்ட் நூற்றுக்கு 6 கூடுவதால் பங்கின் பெறுமானமும் அவ்வளவு கூடுகிறது. எட்டும் ஆறும் பதினான்கு. வீட்டில் சிட்டைக் கணக்கு எழுதும் நம் பெண்மணிகளுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

இதைக் கேட்டதும் மார்க்கப் பற்றுள்ளவர் ஒருவர் திடுக்கிடலாம். நூற்றுக்கு 14 வேண்டும் என்று முன்கூட்டியே நிர்ணயிப்பது வட்டியல்லவா? நியாயமான அச்சமே. ஆனால் இங்கே ‘வேண்டும்’ என்ற சொல் யாரைக் கட்டுகிறது என்று பார்க்க வேண்டும். கடன் கொடுத்தவர் நூற்றுக்கு 14 என்றால், அச்சொல் கடன் வாங்கியவரைக் கட்டுகிறது. அவருடைய கடை எரிந்தாலும் கப்பல் கவிழ்ந்தாலும் அவர் கொடுத்தே தீர வேண்டும். பங்கு வாங்குகிறவர் நூற்றுக்கு 14 என்று எழுதுவது தமது சொந்த நோட்டுப் புத்தகத்தில். கம்பெனியின் டைரக்டர்களுக்கு அது தெரியவே தெரியாது. டிவிடெண்ட் வராமற் போனால் அந்த 14ஐக் காட்டி அவர் யாரிடமும் ஒரு பைசா கேட்க முடியாது. 75 ரூபாய்க்கு மேல் கொடுக்கமாட்டேன் என்று அது அவரையேதான் தடுக்கிறது. தென்னந்தோப்பு பேரம் பேசுகிறவர், ‘இந்த விலை கொடுத்தால் எனக்குக் கட்டாது’ என்று எழுந்து வருகிறாரே, அதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

முளாரபா என்னும் கூட்டு வியாபாரத்தில் கூட்டாளிகளில் ஒருவருக்கு இத்தனை திர்ஹம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டால் ஒப்பந்தமே பாத்திலாகிவிடும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. கிடைக்கும் இலாபத்தில் பாதி, மூன்றிலொன்று என்று விகிதமாகப் பேசலாம். தாம் எதிர்பார்ப்பது இவ்வளவு என்று ஒருவர் மனத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு கூட்டுச் சேருவதை எந்த இமாமும் தடுக்கவில்லை. அப்படிக் கணக்குப் போடாமல் கூட்டுச் சேருகிற வியாபாரி உலகில் உண்டா என்ன?

அந்த 14 எங்கிருந்து வருகிறது என்பது வேறு விஷயம். வழக்கமாக அரசாங்கக் கடன் பத்திரத்தின் வட்டி வீதத்தை எடுத்து, ஆபத்துக்காக அதன்மேல் சிறிது கூட்டி அந்த எண்ணைப் பெறுகிறார்கள். ஹலாலான ஒரு பேரத்தில் இலாபத்தை நிர்ணயிக்க வட்டி வீதத்தை அளவுகோலாக மட்டும் பார்ப்பதால் அந்தப் பேரம் ஹராமாகிவிடாது, ஆயினும் அது விரும்பத்தக்க வழக்கமன்று என்பது முப்தி முஹம்மது தகீ உஸ்மானீ அவர்களின் கருத்து. நமக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது. பொறுப்பாளர் வேறோர் இடத்திலிருந்து தம் கணக்கைத் தொடங்கலாம். இதே தொகை ஊரில் ஒரு கடை வாடகையிலோ, நம்பிக்கையான ஒரு வியாபாரியின் முளாரபாவிலோ என்ன தருகிறது? அதைவிடத் தூரத்தில், கண்ணுக்குத் தெரியாத கம்பெனியில் போடுவதற்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தால் தகும்? இப்படிக் கேட்டால் வட்டியின் பெயரைச் சொல்லாமலே ஓர் எண் கிடைத்துவிடும். காலத்துக்கு விலையில் ஒரு பங்கு உண்டு என்பதை நமது பிக்ஹு மறுக்கவில்லை. ரொக்கத்துக்கு ஒரு விலையும் தவணைக்குச் சற்று அதிக விலையும் வைத்து, பேரம் முடியும்போதே அவற்றில் ஒன்றைத் தீர்மானித்து விற்பதை நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களும் அனுமதித்திருக்கின்றனர். கடனில்தான் காலத்துக்குக் கூலி இல்லை.

டிவிடெண்ட் என்ற பெயர் இருப்பதாலேயே ஒன்று வியாபார இலாபமாகிவிடுவதுமில்லை. இதற்கு நமது நாட்டோடு தொடர்புள்ள ஓர் உதாரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிபத்தை நிறுத்தியது. ஆனால் அதன் பங்குதாரர்களுக்கு நூற்றுக்குப் பத்தரை வீதம் டிவிடெண்ட், இந்தியாவின் வரி வருவாயிலிருந்து தரப்படும் என்று அதே சட்டம் உறுதி கூறியது. 60 இலட்சம் பவுன் மூலதனத்துக்கு ஆண்டுதோறும் 6,30,000 பவுன். அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூர்ப் பகுதியில் 1832-33இல் கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியது. 1857இல் வட இந்தியா பற்றி எரிந்தது. 1858இல் ஆட்சியே கம்பெனியின் கையை விட்டுப் போனது. டிவிடெண்ட் மட்டும் நிற்கவில்லை, குறையவுமில்லை. கடைசியாக 1874இல், 100 பவுன் பங்குக்கு 200 பவுன் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். நமது சூத்திரத்தை வைத்துப் பார்த்தால், வளர்ச்சி இல்லை. பத்தரை பவுன் டிவிடெண்ட். நூற்றுக்கு ஐந்தேகால் போதும் என்பவர் சரியாக 200 பவுன் கொடுப்பார். கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது! ஆனால் அங்கே வியாபாரம் ஏது? கூட்டு ஏது? விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் உழவர்கள் கட்டிய தீர்வை, கடல் கடந்து இன்னொருவர் வீட்டில் டிவிடெண்ட் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தது.

ஆகவே ‘நிலையான டிவிடெண்ட்’ என்று தரகர் புகழும்போது நாம் சற்று நின்று கேட்க வேண்டும். நல்ல வியாபாரத்தால் நிலைத்ததா, நஷ்டத்தை வேறு யார் தலையிலோ ஏற்றியதால் நிலைத்ததா? முதலுக்கோ இலாபத்துக்கோ உத்தரவாதம் தரும் முன்னுரிமைப் பங்குகளை மேலே சொன்ன 1992ஆம் ஆண்டுத் தீர்மானம் கூடாது என்றதும் இதே காரணத்தைப் பற்றித்தான்.

இனி வளர்ச்சி வீதத்துக்கு வருவோம். உண்மையான சோதனை இங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன அதே பங்கு, அதே 6 ரூபாய் டிவிடெண்ட், அதே 14. வளர்ச்சி ஒன்றுமில்லை என்றால் விலை 43 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வளர்ச்சி நூற்றுக்கு 4 என்றால் 60 ரூபாய். 6 என்றால் 75. 8 என்றால் 100. 10 என்றால் 150. 12 என்றால் 300. 13 என்றால் 600 ரூபாய்! 14 என்று எழுதிவிட்டால் கழிப்பதற்குப் பின் எதுவும் மிஞ்சாததால் விலையே இல்லாமற் போய்விடுகிறது. எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று சூத்திரம் கையை விரித்துவிடும். டேவிட் டூராண்ட் என்ற அறிஞர் 1957இலேயே இதைச் சுட்டிக்காட்டி எழுதினார். இத்தனைக்கும் கம்பெனியில் ஒரு செங்கல் கூடவில்லை, ஓர் இயந்திரம் கூடவில்லை. வாங்குகிறவர் மனத்தில் இருந்த ஓர் எண் மாத்திரம் மாறியது.

இந்த விலைகளுக்குள் இருப்பது என்ன என்று பிரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வளர்ச்சி 6 என்று வைத்து வந்த 75 ரூபாயில், இன்றிலிருந்து 30 ஆண்டுகளுக்கு அப்பால் வரவேண்டிய டிவிடெண்டுகளுக்காக நாம் கொடுப்பது எட்டரை ரூபாய் மட்டுமே. பாக்கி முழுவதும் முதல் 30 ஆண்டுகளுக்குரியது. வளர்ச்சி 12 என்று வைத்து வந்த 300 ரூபாயிலோ, 30 ஆண்டுகளுக்கு அப்பாற்பட்ட டிவிடெண்டுகளின் விலை 176 ரூபாய். அதாவது பாதிக்கு மேல்! பொறுப்பாளரின் வயது 45 என்று கொண்டால், அவருக்கு 75 வயதான பிறகு வரவேண்டியதற்காக எத்தீமின் பெட்டியிலிருந்து இன்றே பணம் எடுத்துக் கொடுக்கிறார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் கடைசிப் பகுதியில், மவுத்தை நினைவுகூர்வது பற்றி எழுதுமிடத்தில், நெடிய ஆசை என்னும் நோயைப் பற்றித் தனியே விளக்கியிருக்கிறார்கள். அந்நோய் பங்குச் சந்தையில் தசம புள்ளியோடு எழுதப்படுகிறது என்பதை அவர்கள் கண்டிருக்க நியாயமில்லை.

நாளை தான் என்ன சம்பாதிக்கும் என்பதை எந்த ஆத்மாவும் அறியாது என்று லுக்மான் அத்தியாயத்தின் முடிவில் அல்லாஹ் அறிவித்திருக்கிறான். அப்படியானால் வருங்கால டிவிடெண்டை மதிப்பிடுவதே தவறா என்றால், இல்லை. யூஸுப் (அலை) அவர்கள் ஏழு ஆண்டு விளைச்சலையும் ஏழு ஆண்டுப் பஞ்சத்தையும் முன்வைத்துத் தானியத்தைச் சேமிக்கத் திட்டமிட்டார்கள். அவர்களுக்கு அது இறைவன் அறிவித்துக் கொடுத்த அறிவு; நமக்கு அந்த அறிவு இல்லையாயினும், வருவதை எண்ணி ஏற்பாடு செய்வது ஈமானுக்கு மாறானதன்று என்பது அதிலிருந்து விளங்கும். எதிர்பார்ப்பது வேறு, எதிர்பார்த்ததை வந்ததாகவே வைத்துக்கொண்டு அதற்கு விலை கொடுப்பது வேறு.

இந்த வேறுபாட்டைப் பழத்தோட்டங்களைக் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிகத் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். பழங்கள் பக்குவப்படத் தொடங்கியது தெரியுமுன் அவற்றை விற்பதை அவர்கள் தடுத்தார்கள். அல்லாஹ் அப்பழத்தைக் கொடுக்காமல் தடுத்துவிட்டால், விற்றவர் தம் சகோதரரின் பணத்தை எந்த உரிமையில் எடுத்துக்கொள்வார் என்ற காரணமும் ஹதீஸில் வந்திருக்கிறது. ஒரு தோட்டத்தின் பல வருடப் பலனை முன்கூட்டியே விற்றுவிடும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. வருடங்களை விற்பது என்றே அதற்குப் பெயர். அதையும் தடுத்தார்கள். ஆனால் மரத்தை விற்பதைத் தடுக்கவில்லை. மகரந்தம் சேர்த்த பின் பேரீச்ச மரத்தை விற்றால், வாங்குகிறவர் தமக்கென்று நிபந்தனை பேசினாலன்றி அவ்வாண்டுப் பழம் விற்றவருக்கே உரியது என்று கூறினார்கள். டிவிடெண்ட் அறிவித்த பின் குறித்த தேதி கடந்து பங்கை விற்றால் அந்த டிவிடெண்ட் விற்றவருக்கே சேரும் என்று இன்றைய சந்தைகள் விதி வைத்திருப்பதை அறிந்தவர்கள், இந்த ஹதீஸைப் படிக்கையில் புன்முறுவல் பூப்பார்கள்.

பங்கு வாங்குகிறவர் மரத்தை வாங்குகிறார், பழத்தை அல்ல. காய்க்கிற மரத்துக்குக் காய்க்காத மரத்தைவிட அதிக விலை கொடுப்பது இயல்பே. ஆகவே சூத்திரம் போட்டு வாங்குவதால் பேரம் பாத்திலாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. சட்டப்படி அது மரத்தின் கிரயம்தான். ஆனால் சட்டத்துக்கு உள்ளேயே மனச்சாட்சிக்கு ஒரு தராசு உண்டல்லவா? 75 ரூபாய் கொடுத்தவர் மரத்தையும், தாமும் பிள்ளைகளும் காணக்கூடிய சில பருவங்களையும் மனத்தில் வைத்து விலை பேசினார். 300 ரூபாய் கொடுத்தவர், மரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு பெரும்பாலும் வருடங்களையே வாங்கினார். பழம் வராவிட்டால் அவர் பணத்தை எடுத்துக்கொள்ள விற்றவருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. ஆனால் ஹதீஸ் கேட்ட அந்தக் கேள்வி வாங்கியவர் நெஞ்சில் நிற்குமா, நிற்காதா?

கஹ்பு அத்தியாயத்தில் இரண்டு தோட்டங்களுக்குச் சொந்தக்காரன் ஒருவனின் வரலாறு வருகிறது. திராட்சை, சுற்றிலும் பேரீச்சை, நடுவே பயிர், இடையே ஆறு. தோட்டத்துக்குள் நுழையும்போது, இது ஒருக்காலும் அழியும் என்று தான் நினைக்கவில்லை என்கிறான் அவன். பிறகு தோட்டம் பாழாகிறது. அதில் தான் செலவு செய்ததை எண்ணிக் கைகளைப் பிசைந்து நிற்கிறான். தோட்டம் வைத்திருந்தது குற்றமன்று. அதிக விளைச்சலும் குற்றமன்று. அவனுடைய கூட்டாளி அவனிடம் எடுத்துச் சொன்னது, தோட்டத்துக்குள் நுழைகையில் அல்லாஹ் நாடியதே நடக்கும் என்று சொல்லியிருக்கலாகாதா என்பதைத்தான். வளர்ச்சி என்றென்றும் நிலைத்திருக்கும் என்று எழுதும் சூத்திரம் அந்தத் தோட்டக்காரனின் வாக்கியத்தைக் கணிதத்தில் சொல்வதாகவே நமக்குப் படுகிறது. இன்ஷா அல்லாஹ் என்று நாவால் சொல்லிவிட்டு நோட்டில் 12 என்று எழுதினால், அந்தச் சொல் கணக்கில் எந்த இடத்தில் ஏறியது? வளர்ச்சியைக் குறைத்து எழுதுவதே அச்சொல்லைக் கணக்கில் ஏற்றும் வழி.

நூற்றுக்கு 12 வீதம் 100 ஆண்டுகள் வளர்ந்தால் 6 ரூபாய் 5 இலட்சம் ரூபாய்க்கு மேலாகிவிடும். நாட்டின் மொத்த உற்பத்தியைவிட வேகமாக ஒரு கம்பெனி என்றென்றும் வளருமானால் ஒருநாள் நாடு முழுவதும் அதன் வயிற்றுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1972 வாக்கில் சுமார் 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளை, ஒருமுறை வாங்கினால் போதும், விற்கவே வேண்டாம் என்று கொண்டாடினார்கள். அவற்றை ‘நிஃப்டி ஃபிஃப்டி’ என்று அழைத்தார்கள். (இந்தியாவில் பின்னால் ஏற்பட்ட நிஃப்டி குறியீட்டெண் வேறு.) அவற்றுள் போலராய்டு என்ற காமிராக் கம்பெனியின் பங்கு, ஓராண்டு இலாபத்தைப்போல் 90 மடங்குக்கு மேற்பட்ட விலையில் விற்றது. 1972இல் 149 டாலர் வரை போன அப்பங்கு 1974இல் சுமார் 14 டாலருக்கு இறங்கியது. 2001இல் கம்பெனியே திவாலானது. அந்த 50இல் எல்லாமே வீழ்ந்தன என்பதற்கில்லை. சில நன்றாகவே வளர்ந்தன. மிக அதிகமாக வளர்ந்தவற்றுள் ஒன்று சிகரெட் கம்பெனி. எதை விற்று வளர்ந்தாய் என்று கேட்பதற்குச் சூத்திரத்தில் இடமில்லை.

வளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஒரு பங்குக்கு 10 ரூபாய் இலாபம் வருகிறது. கம்பெனி 6 ரூபாயை டிவிடெண்டாகக் கொடுத்து 4 ரூபாயைத் தொழிலில் போடுகிறது. அந்த 4 ரூபாய் நூற்றுக்கு 15 ஈட்டினால் 60 பைசா. அடுத்த ஆண்டு இலாபம் 10 ரூபாய் 60 பைசா, டிவிடெண்ட் 6 ரூபாய் 36 பைசா. நூற்றுக்கு 6 வளர்ச்சி என்பது இதுவே. பங்காளிகள் கையில் வாங்காமல் விட்ட பணமும், அதை வைத்துச் செய்த உழைப்பும் சேர்ந்தது. இதில் மாயம் ஒன்றுமில்லை. ஆனால் இதை வேறு வழியிலும் பெருக்கிக் காட்டலாம். நூற்றுக்கு 9 வட்டிக்குக் கடன் வாங்கி நூற்றுக்கு 15 ஈட்டும் தொழிலில் போட்டால், நடுவிலுள்ள 6 பங்காளிகளின் கணக்கில் ஏறும். வளர்ச்சி வீதம் உயரும். அதனால் விலையும் உயரும்.

இங்கே நம் சகோதரர்கள் அதிகம் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. வட்டிக் கடன் சிறிதளவு உள்ள கம்பெனிகளின் பங்கைப் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. 1992ஆம் ஆண்டுத் தீர்மானம், முக்கியத் தொழில் ஹலாலாக இருந்தாலும் வட்டியில் சில வேளை ஈடுபடும் கம்பெனியின் பங்கு அடிப்படையில் கூடாது என்றே சொல்கிறது. பஹ்ரைனில் இயங்கும் இஸ்லாமிய நிதி நிறுவனங்களின் கணக்குத் தர அமைப்பு, சில நிபந்தனைகளோடு, வட்டிக் கடன் சந்தை மதிப்பில் நூற்றுக்கு 30ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. இந்த வரம்பைப் பின்பற்றுகிறவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு பங்குக்கு 30 ரூபாய் கடன் இருக்கிறது. பங்கின் விலை 75 என்றால் கடன் நூற்றுக்கு 40, கூடாது. சந்தையிலுள்ளோர் எல்லாரும் வளர்ச்சியை 6லிருந்து 10ஆக உயர்த்தி எண்ணிவிட்டால் விலை 150, கடன் நூற்றுக்கு 20, கூடும்! கம்பெனி ஒரு பைசா கடனையும் அடைக்கவில்லை. ஊராரின் ஆசை கூடியதால் கூடாதது கூடுவதாகிவிட்டது. சந்தை விலைக்குப் பதிலாகக் கம்பெனியின் மொத்தச் சொத்தோடு கடனை ஒப்பிடும் குறியீட்டெண்களும் உள்ளன. இரண்டையும் பார்த்து, மரத்தோடு ஒப்பிடும் அளவையே எத்தீமின் பொருளுக்கு எடுத்துக்கொள்வது பேணுதல்.

பொறுப்பாளர் செய்யக்கூடியது கடினமன்று. பங்கு வாங்கும் நாளன்றே நோட்டில் தேதி, விலை, டிவிடெண்ட், தாம் எண்ணிய வளர்ச்சி வீதம், அப்படி எண்ணியதற்குக் காரணம் ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். கடந்த பத்தாண்டுகளில் அக்கம்பெனி எவ்வளவு இலாபத்தை உள்ளே விட்டது, அதனால் எவ்வளவு ஈட்டியது என்று பார்த்து, அதிலும் சற்றுக் குறைத்து எழுதுவது நல்லது. 4 என்று எழுதினால் விலை 60 ரூபாய். சந்தையில் 110 ரூபாய் கேட்டால் விட்டுவிடலாம். வேறு கம்பெனி வரும், அல்லது இதே கம்பெனி இறங்கி வரும், அல்லது ஊரிலேயே ஒரு நல்ல முளாரபா கிடைக்கும். பிள்ளைகள் பருவமடைந்து, பொருளை ஒப்படைக்கும் நாளில் சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறு நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. அந்தச் சாட்சிகளின் முன்னால் திறக்கப்பட இருப்பது இந்த நோட்டுத்தான்.

ஜகாத்துக்காக இன்னொன்றையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்: வாங்கியது டிவிடெண்டுக்காகவா, விலை ஏறினால் விற்பதற்காகவா? 1988இல் ஜித்தாவில் பிக்ஹு அகாடமி செய்த தீர்மானத்தின்படி, கம்பெனியே ஜகாத் கொடுக்காத நிலையில், அதன் கணக்கிலிருந்து தம் பங்குக்குரிய ஜகாத்தை அறிய முடிந்தவர் அவ்வாறே கொடுக்க வேண்டும். அறிய முடியாதபோது, டிவிடெண்டுக்காக வைத்திருப்பவர் டிவிடெண்ட் கைக்கு வந்து ஓராண்டு நிறைந்தபின் அதில் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும். வியாபாரத்துக்காக வாங்கியவர் அன்றைய சந்தை விலை முழுவதற்கும் கொடுக்க வேண்டும். 300 ரூபாய் என்று சந்தை சொன்னால் அவருக்கு 300க்கும் ஜகாத் உண்டு. இதில் உள்ளூர் ஆலிமிடம் விளக்கம் கேட்கச் செல்பவர்கள், கம்பெனி ஆண்டுதோறும் அனுப்பும் அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்வார்களாக. கையிருப்பு ரொக்கம், விற்பனைச் சரக்கு, கடன் ஆகிய மூன்றும் அதில் தனித்தனியே காட்டப்பட்டிருக்கும்.